அகல எழுத்து

எழுத்தில்தான் கோளாறு என்று அவள் நினைத்தாள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, முழுசாக ஏழு மாதம் அப்படியே நினைத்தாள். புருஷனின் கண் போய்க்கொண்டிருந்தது, அவள் எழுத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் ஏதோ பெரிய திருப்பம் வரப்போகிறது என்று யாரும் காத்திருக்க வேண்டாம். எப்படி நடந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அவளைப் போன்ற கெட்டிக்காரிக்கு மட்டும்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும். நம்மைப் போன்ற ஆட்களாக இருந்தால், புருஷனுக்குப் பலகை தெரியவில்லை என்றதும் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்போம்.

அவள் வேலை எழுத்து வரைவது. கதை, கட்டுரை அல்ல. எழுத்து என்றால் எழுத்தேதான். பஸ் நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும் தொங்கும் பலகைகளில் இருக்கிறதே, அந்த 'ப'வும் 'ம'வும் என்ன உருவத்தில் இருக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை. அவள்தான் அந்த யாரோ ஒருவர். தெருவில் அவளுக்கு 'எழுத்தம்மா' என்று பேர். பேர் வைத்தவர்களுக்கு அவள் என்ன செய்கிறாள் என்று சரியாகத் தெரியாது. தண்ணீர்க் குழாய் உடைந்தால் மனு எழுதித் தரச் சொல்லி அவளிடம்தான் வருவார்கள். அவளும் எழுதிக் கொடுப்பாள். ஆனால் அவள் கையெழுத்து படு மோசம்.

புருஷன் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், ஒரு சின்ன விபத்துகூடக் கிடையாது. தெருவுக்கு அவர் 'டிரைவர்'. அவர் ஓட்டுவது ஊருக்கெல்லாம் தெரிந்த வண்டி என்பதால், காய் வாங்கப் போனாலும் யாராவது ஒருவர் "டிரைவரே, இன்னிக்கு ஏன் லேட்டு?" என்று கணக்குக் கேட்பார். சிரித்துவிட்டுப் போவார். வீட்டில் மூன்றாவது ஆள் அவருடைய அக்கா. கணவர் இறந்தபின் தையல் மெஷினோடு வந்து முன்னறையில் உட்கார்ந்தவர், பதினோரு வருஷமாக அங்கேயேதான். பள்ளிச் சீருடை தைப்பார். மெஷின் ஓடுகிற சத்தத்தைவிட அவர் வாய் ஓடுகிற சத்தம்தான் அதிகம். குழந்தை இல்லாத அந்த வீட்டில் கலகலப்பு இருந்தது என்றால் அதற்கு அவர்தான் காரணம்.

போக்குவரத்துத் துறைக்காரர்கள் எல்லாப் பேருந்து நிலையங்களிலும் பலகையை மாற்றப்போகிறார்கள், புது எழுத்து வேண்டும் என்று அவளுடைய ஆபீசுக்கு வேலை வந்தது. ஆபீஸ் என்றால் மாடியில் ஒரு பெரிய அறை, ஐந்து மேஜை. தலைவருக்கு 'காம்பஸ்' என்று பட்டப்பேர். எந்த வட்டத்தைக் காட்டினாலும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். டீ டம்ளரின் வாயைக்கூட அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார் என்று ஆபீசில் சொல்வார்கள்.

துறைக்காரர்கள் கேட்டது அகலமான எழுத்து. தடிப்பு மெலிவு இல்லாமல் கோடு ஒரே கனத்தில் ஓட வேண்டும், கொம்பும் குஞ்சமும் கூடாது. 'ட' என்றால் நிமிர்ந்த கோடு ஒன்று, படுத்த கோடு ஒன்று. 'ப' என்றால் மூடி இல்லாத பெட்டி. சுழிகள் எல்லாம் முழு வட்டம். கேட்பதற்குச் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். உட்கார்ந்து வரைந்து பார்த்தால் தெரியும். ஒரே கனத்தில் இரண்டு கோடு போட்டால் படுத்த கோடு குண்டாகத் தெரியும், அதை ஒரு மயிரிழை மெலிக்க வேண்டும். வட்டத்தைப் பெட்டியின் உயரத்துக்கே போட்டால் வட்டம் குட்டையாகத் தெரியும், அதைக் கொஞ்சம் மேலேயும் கீழேயும் தள்ளிவிட வேண்டும். கண்ணை ஏமாற்றினால்தான் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். அவள் இந்த ஏமாற்று வேலையில் கைதேர்ந்தவள்.

தூரத்தில் நின்று படிக்கிற எழுத்துக்கு எதிரி அடைப்பு. எழுத்துக்குள் இருக்கிற வெள்ளை இடத்தை எழுத்து வரைகிறவர்கள் 'வயிறு' என்பார்கள். தூரம் போகப்போக வயிறு சுருங்கும், சுழி அடைத்துக்கொள்ளும், மூன்று சுழி 'ண' ஒரு கரும்புள்ளியாகிவிடும். அகலப்படுத்துவது வயிற்றைத் திறந்து வைக்கத்தான்.

திறந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? யாராவது தூரத்திலிருந்து நடந்து வந்து படிக்க வேண்டும். ஆபீஸ் பிள்ளைகளை நிறுத்திப் பார்த்தாள். இருநூறு அடி தள்ளி நின்று, எதிர்க் கட்டடத்துப் பூனை என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். "இதுகளுக்கெல்லாம் கழுகுக் கண்ணு சார். பஸ்ஸுக்கு நிக்கிறவங்க இப்படியா இருப்பாங்க? எங்க வீட்டுக்காரர் படிச்சா ஊரே படிச்ச மாதிரி" என்றாள் காம்பஸிடம். காம்பஸுக்கும் அது நியாயமாகவே பட்டது.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலை ஆரம்பித்தது. பழைய கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு நேர் சாலை இருந்தது, ஞாயிற்றுக்கிழமை ஈ காக்கை இருக்காது. சுவரில் ஆணி அடித்துப் பலகையை மாட்டுவாள். அவர் மறுகோடியில் போய் நிற்பார். அவள் கையைத் தூக்கினால் நடக்க ஆரம்பிப்பார். எந்த இடத்தில் சரியாகப் படிக்கிறாரோ அங்கே சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, அங்கிருந்து பலகை வரை காலடியால் எண்ணி நோட்டில் எழுதிக்கொள்வாள். தேதி, வெயிலா மேகமா, எத்தனை அடி.

ஊகித்துப் படித்துவிடக் கூடாது என்பதற்காக அர்த்தமே இல்லாத சொற்களாக வைப்பாள். இது அவருக்குத் தாங்காது.

"ண... ம... டு. ணமடு! இது என்ன எழவு? மாத்திரை பேரா?"

"அர்த்தமெல்லாம் பாக்காதீங்க. எழுத்தைப் படிங்க."

"அர்த்தம் இல்லாததை எப்படிம்மா வாய்விட்டுச் சொல்றது? யாராவது கேட்டா என்னைப் பைத்தியம்பாங்க."

"இங்க யாரு இருக்கா கேக்கறதுக்கு?"

"நீ இருக்கியே. உன் முன்னாடிதான் இருபது வருஷமா மானத்தைக் காப்பாத்திட்டிருக்கேன்."

வீட்டுக்குப் போனதும் அந்தச் சொற்களுக்கு அவரே அர்த்தம் வைப்பார். அக்காவின் குழம்பு உறைப்பாக இருந்தால் 'இன்னிக்குக் குழம்பு பழவன' என்பார். அக்கா விட மாட்டார்: "பழவனவோ கிழவனவோ, ரெண்டு தட்டு சோறு உள்ள போயிருக்குடா."

முதல் ஞாயிறு தொண்ணூற்று நாலு அடி. அவளுக்குச் சந்தோஷம். அடுத்த மூன்று வாரமும் அங்கேயேதான் சுற்றி வந்தது. அதற்கப்புறம் எண்பத்தெட்டு. அப்புறம் எண்பத்திரண்டு. ஒரு நாள் நல்ல வெயிலில் எண்பத்தைந்துக்கு ஏறி, மறுவாரம் எழுபத்தாறுக்கு இறங்கியது.

"எப்படித் தெரியுது, சொல்லுங்க."

"மசமசன்னு தெரியுது. நடு எழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது."

"ஒட்டிக்குதா? அடைச்சுக்குதா?"

"அதுல என்னம்மா வித்தியாசம்?"

"ஒட்டிக்கிட்டா இடைவெளி பத்தல. அடைச்சுக்கிட்டா வயிறு பத்தல."

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிஜமாகவே யோசித்தார். மனைவியின் வேலைக்குத் தன்னால் ஆனதைச் செய்ய வேண்டும் என்ற அக்கறை அவருக்கு. "அடைச்சுக்குது" என்றார்.

அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். "எழுத்துதான் சரியில்ல. நான் சரி பண்றேன்."

எத்தனை தடவை சொன்னாள் இந்த வாக்கியத்தை! 'நான் சரி பண்றேன்.' ஒவ்வொரு ஞாயிறும் சொன்னாள். அவரும் அதைக் கேட்டு நிம்மதியாக வீடு திரும்பினார். சாலையில் பலகைகள் மங்கலாகத் தெரிவதை அவரும் கவனிக்காமல் இல்லை. ஒரு நாள் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டே, "இப்பல்லாம் ரோட்டுல போர்டு ரொம்ப மோசமா எழுதறாங்க. கிட்ட போற வரைக்கும் ஒண்ணும் புரிய மாட்டேங்குது" என்று சொன்னார். அவள் முகம் மலர்ந்துபோனது. "அதான் நாங்க புதுசு பண்றோம்" என்றாள். அந்த மலர்ந்த முகத்தை நினைத்து அவள் பின்னால் எத்தனை நாள் அழுதாள் என்பது அவளுக்கே கணக்கில்லை.

ஒரு காலை, அவர் டீயைக் கெட்டிலிலிருந்து ஊற்றும்போது பாதி டம்ளரிலும் பாதி மேஜையிலும் போனது. அவர் டீக்கு எப்போதும் மூன்று கரண்டிச் சர்க்கரை, கொஞ்ச நாளாக ஒரு நாளைக்கு ஏழெட்டு டம்ளர், நாக்கு வறள்கிறது என்று குடம் குடமாகத் தண்ணீர். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, "டேய், டம்ளருக்குள்ள ஊத்துடா. மேஜைக்கென்ன தாகமா எடுக்குது?" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். அவள் துணி எடுத்துத் துடைத்தாள். அவள் தலைக்குள் அன்று 'ழ'வின் வயிறு ஓடிக்கொண்டிருந்தது.

மழைக்காலம் வந்து போனது. எழுத்து அகலமாகிக்கொண்டே வந்தது. 'ம' கால் நீட்டிப் படுத்தது. சுழிகள் வளையல் அளவுக்கு விரிந்தன. வாரா வாரம் புதிதாக வரைந்து, அச்செடுத்து, பலகையில் ஒட்டி, சாலைக்குக் கொண்டுபோனாள். எவ்வளவு அகலப்படுத்தினாலும் அவர் அதற்கு ஒரு படி பின்னாலேயே வந்தார். அறுபத்தாறு. ஐம்பத்தொன்பது. எழுத்து இவ்வளவு திறந்த பிறகும் ஏன் அடைக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. தன்னிடம்தான் ஏதோ திறமைக் குறைவு என்று நினைத்தாள். சாப்பாடு இறங்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்தது. அவர் அதைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பார். பார்க்கவில்லை.

காம்பஸோடு சண்டை வந்தது.

"ஏம்மா, பலகைக்கு ஒரு நீளம் இருக்கு. நீங்க போற வேகத்துல பலகை பஸ்ஸைவிட நீளமாப் போயிடும் போலிருக்கே."

"போகட்டும் சார். ஜனங்களுக்குத் தெரியல. நான் வாரா வாரம் அளந்து பாக்கறேன், நோட்டு இருக்கு."

"நோட்டு இருக்கறது சரி. துறைக்காரங்க கேட்டா என்ன சொல்றது?"

"நீளமான பலகை வேணும்னு சொல்லுங்க. படிக்க முடியாத பலகை குட்டையா இருந்து யாருக்கு லாபம்?"

அவள் பேச்சில் தப்புச் சொல்ல முடியாது. துறைக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். பலகையை நீளமாக்குவதற்கு முன்னால் நிலையத்திலேயே வைத்து, வருகிற போகிற ஜனங்களைப் படிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். பழைய குறுகலான முதல் வடிவத்தையும் இப்போதைய அகல வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அது நடந்தது. வானம் மூடியிருந்தது, வெளிச்சம் அவ்வளவு இல்லை. முதலில் ஒரு காவலாளி நடந்து வந்தார். அகல எழுத்தை நூற்று முப்பது அடியில் படித்துவிட்டார். அவள் அவரை முறைத்துப் பார்த்தாள். அடுத்து மூட்டை தூக்குகிறவர், நூற்று இருபத்தைந்து. ஒரு பள்ளி ஆசிரியை. கண்ணாடி போட்ட காய்க்காரம்மா ஒருத்தி, தன் கூடையை யாராவது பார்த்துக்கொண்டால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தவள், நூற்றுப் பத்தில் கணீர் என்று சொன்னாள். அதோடு விடவில்லை. "பக்கத்துல இருக்கற ஒல்லி எழுத்தும் நல்லாத்தான தெரியுது. எதுக்கு இப்படி இழுத்து வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். ஒல்லி எழுத்து என்று அவள் சொன்னது, ஏழு மாதத்துக்கு முந்தைய முதல் வடிவம்.

இருபத்தாறு பேர். ஒருவர்கூடத் தொண்ணூறு அடிக்குக் கீழே இல்லை. போன ஞாயிறு அவள் புருஷன் நின்ற இடம் நாற்பத்தொன்று.

காம்பஸ் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை, விளையாட்டாகத்தான் சொன்னார்: "உங்க வீட்டுக்காரரை முதல்ல கண்ணு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கம்மா. ஆமா, அவரு என்ன வேலை பாக்கறார்?"

அவள் மணியைப் பார்த்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். அப்புறம் ஓடினாள்.

புருஷனின் வண்டி பக்கத்து நிறுத்தத்துக்கு வரும் நேரம் அவளுக்குத் தெரியும். நாலு மணிக்கு மூன்று நிமிஷம் முன்னதாக வந்து நின்றது. நிறுத்தத்தில் நின்றவர்களைத் தாண்டி ஒரு வண்டி நீளம் போய்த்தான் நின்றது. முன் வாசல் வழியாக ஏறினாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், அவர் முகத்துக்கு நேராக, ஒரு முழம் தள்ளி நின்றாள். கூப்பிடவில்லை. அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"உள்ள போங்கம்மா. வழியில நிக்காதீங்க" என்றார்.

குரல் மரியாதையாகத்தான் இருந்தது. முன்பின் தெரியாத ஒரு பயணியிடம் பேசுகிற மரியாதை. அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

கடைசி நிறுத்தம் வரை இறங்கவில்லை. நடத்துநர் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால் குரல் கொடுத்தார், "அண்ணே, ஆள் இருக்கு." "அண்ணே, சைக்கிள்காரன் வர்றான்." ஒரு திருப்பத்தில் சாம்பல் சட்டை போட்ட ஒருவர் சாலையில் கால் வைத்தார். நடத்துநர் கத்திய பிறகுதான் பிரேக் விழுந்தது. எல்லோரும் முன்னால் சரிந்தார்கள். "என்னண்ணே, இப்பல்லாம் இப்படிப் பண்றீங்க" என்றார் நடத்துநர். "வண்டிக்கு வயசாயிடுச்சுடா" என்றார் அவர். பக்கத்து இருக்கையில் இருந்தவள் மடியில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எழுத்தம்மா அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மாலை அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். அக்கா மெஷினில் இருந்தார்.

"நாளைக்கு வண்டி எடுக்காதீங்க" என்றாள்.

"ஏன், நாளைக்கு என்ன?"

"நாளைக்கு மட்டும் இல்ல. இனிமே எடுக்காதீங்க."

"என்னம்மா ஆச்சு உனக்கு? எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கிறுக்குப் பிடிச்சிடுச்சா?"

"சாயங்காலம் நான் உங்க வண்டியில ஏறினேன்."

"அட! கூப்பிட வேண்டியதுதான?"

"உங்க முன்னாடிதான் நின்னேன். நீங்க என் மூஞ்சியைப் பார்த்து உள்ள போங்கம்மான்னு சொன்னீங்க."

மெஷின் நின்றது. அவர் சட்டை மாட்டிய ஆணியிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"கூட்டத்துல கவனிச்சிருக்க மாட்டேன்."

"கூட்டமே இல்லைங்க."

"வெளிச்சம் எனக்கு எதிர்ல அடிச்சிருக்கும்."

"வானம் மூடிக்கிடந்துச்சு."

அக்கா எழுந்து வந்தார். ஒரு நாளும் குரல் தாழ்த்திப் பேசாதவர் அன்று தாழ்த்தினார். "தம்பி, என் கையில என்ன இருக்கு சொல்லு."

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "கத்திரிக்கோல்" என்றார்.

அக்கா கையில் ஒன்றும் இல்லை. விரல்களை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். அப்படியே அந்தக் கையால் தம்பியின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் கண் ஆஸ்பத்திரி. கண்ணில் மருந்து விட்டு, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, இயந்திரத்தில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை வருஷக்கணக்காக உடம்பில் இருந்திருக்கிறது. பார்வை விழுகிற நடு இடத்தில் நீர் கட்டி, கட்டியது வற்றாமல் வடுவாகிவிட்டது என்று டாக்டரம்மா படத்தைக் காட்டினார். இரண்டு கண்ணிலும்.

"எப்பலேர்ந்து இப்படித் தெரியுது?"

"இப்பதான், கொஞ்ச நாளா" என்றார் அவர்.

அவள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். டாக்டரம்மா புரட்டினார். தேதி, வெயில், அடி. தேதி, மேகம், அடி. என்ன இது என்று கேட்டார். சொன்னாள்.

"இருபது வருஷமா டாக்டரா இருக்கேன். இவ்வளவு துல்லியமா எந்தப் பேஷன்ட் வீட்டுலயும் எழுதி வச்சுப் பார்த்ததில்ல" என்றார் டாக்டரம்மா. அவள் கெட்டிக்காரத்தனத்துக்கு வாழ்க்கையில் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் கடைசி என்று அவள் நினைத்துக்கொண்டாள். டாக்டரம்மா முன்பக்கத்துக்குத் திரும்பி, எண்பத்தெட்டு என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். "இங்க வந்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"ஊசி போடலாம். இருக்கறதைக் காப்பாத்தலாம். போனது வராது. நேராப் பார்த்தா நடுவுல ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் பக்கவாட்டுல பார்த்தீங்கன்னா ஓரக்கண்ணுக்குத் தெரியும். பழகிக்கணும். வண்டி மட்டும் கூடாது."

டிப்போவுக்கு அவரே போய்ச் சொன்னார், சாவியையும் அடையாள அட்டையையும் அவரே கொடுத்தார். அவள் வெளியே நின்றாள். உள்ளே பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. வெளியே வந்து, "நேரம் அறிவிக்கிற வேலை தர்றாங்களாம். மைக்குல பேசறது. அட்டவணைதான் மனப்பாடமாச்சே" என்றார். படியிறங்கும்போது அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். இருபது வருஷத்தில் தெருவில் அவர் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

பலகைகள் ஏறின. இன்னும் தூரத்திலிருந்தே படிக்க முடிகிறது என்று அகல எழுத்தையேதான் துறைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், பலகையையும் நீளமாக்கினார்கள். இரண்டு மாதம் கழித்துக் காம்பஸ் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். அவள் புருஷன் விஷயம் அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. அக்கா வைத்த டீயைத் தொடவில்லை.

"வயசானவங்க, பார்வை மங்கினவங்க எல்லாம் துறைக்கு எழுதியிருக்காங்க. இதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கறவங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் பஸ் ஏறுவாங்களாம். இப்ப அவங்களே படிக்கிறாங்களாம். இன்னும் பத்து ஊருக்கு இதே எழுத்து கேக்கறாங்க" என்றார். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அது நல்ல எழுத்துதான். அதில் சந்தேகமே இல்லை. கண் போய்க்கொண்டிருந்த ஒரு மனிதனைத் துரத்திக்கொண்டே ஏழு மாதம் அகலமான எழுத்து வேறு எப்படி இருக்கும்? ஆயிரம் பேருக்கு வழி காட்டும். அதை வரைய அளவுகோலாக இருந்தவர் கண்ணுக்கு மட்டும் தெரியாது.

அவள் கடிதத்தை மடித்தாள். மடித்ததையே திரும்பவும் மடித்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தாங்க உங்க கண்ணைக் கெடுத்தேன்."

அவர் நாற்காலியில் இருந்தார். "என்ன பேச்சு இது?"

"வாரா வாரம் நீங்க தெரியல தெரியலன்னு சொன்னீங்க. நான் எழுத்து சரியில்லன்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி உங்களையும் நம்ப வச்சேன். ரெண்டாவது மாசமே உங்களைக் கூட்டிட்டுப் போயிருந்தா இன்னிக்கு நீங்க வண்டி ஓட்டிட்டிருப்பீங்க."

முன்னறையில் மெஷின் ஓடவில்லை. அக்கா நூலைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"அப்ப நானும் ஒண்ணு சொல்றேன். கோவப்படக் கூடாது. எனக்கு ஆரம்பத்துலயே தெரியும்."

"என்ன தெரியும்?"

"கண்ணுதான்னு தெரியும். டாக்டர்கிட்ட போனா வண்டியைப் பிடுங்கிடுவாங்கன்னு பயம். நீ எழுத்து எழுத்துன்னு ஓடிட்டிருந்தது எனக்கு வசதியாப் போச்சு. நான்தான் உன்னை ஏமாத்தினேன். நீ ஏன் அழறே?"

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அது தெரியும். பீடி பிடித்துவிட்டு வந்து இல்லை என்று சொன்னாலும் சரி, பிடிக்காத சட்டையைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாலும் சரி, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பார்வை பக்கத்துச் சுவருக்குப் போய்விடும். அப்போதே பிடித்துவிடுவாள். அதனால் சட்டென்று நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள். இது ஒன்றையாவது தெரிந்துகொண்டுவிடலாம் என்று பார்த்தாள்.

அவர் பார்வை அவள் காதைத் தாண்டிச் சுவரில் இருந்தது. அவள் இன்னும் உற்றுப் பார்த்தாள். அது இரண்டு மாதமாக அங்கேதான் இருக்கிறது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் இனி சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

"நிஜமாவா?" என்று கேட்டாள்.

"நிஜமாத்தான்" என்றார் அவர், சுவரைப் பார்த்து.

அவள் எழுந்து வந்து, அவர் பார்வை போகிற இடத்துக்கு நேராக நிற்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். அங்கே நின்றால் அவருக்கு அவளைத் தெரியாது. இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.